மொகாவி பாலைவனத்தில் இசைக் காணொளி படமாக்கல்

மொகாவி பாலைவனத்தில் இசைக் காணொளி படமாக்கல் என்பது ஐக்கிய அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ள மொகாவி பாலைவனத்தின் திறந்தவெளிகளில், முன்னரே பதிவு செய்யப்பட்ட ஒரு பாடலுக்கான காட்சிகளை ஒளிப்பதிவு செய்யும் பணியைக் குறிக்கும். லாஸ் ஏஞ்சலஸ் நகரின் இசை, திரைத் தொழில்களுக்கு அருகில் இருப்பதால், இப்பாலைவனம் பல புகழ்பெற்ற இசைக் காணொளிகளின் களமாக அமைந்துள்ளது.

இத்தகைய காணொளிகளில் பார்வையாளருக்குத் தெரிவது பெரும்பாலும் வெறுமையான நிலமும், வானமும், ஒரு பாடகரும் மட்டுமே. ஆனால் அந்த வெறுமையைப் படத்தில் கொண்டுவருவதற்கு நீர், நிழல், மின்சாரம், கழிப்பறை உட்பட அனைத்தையும் வெளியிலிருந்து கொண்டுசெல்ல வேண்டும். பணி முடிந்ததும் தடயமின்றி அகற்றவும் வேண்டும். மேலும் வெற்று நிலமாகத் தோன்றும் அவ்விடம் உண்மையில் உயிர்கள் வாழும் நிலமாகும். எனவே ஒளி, ஒலி ஆகியவற்றின் இயற்பியல், பணியாளர் பாதுகாப்பு, நிலத்தின் பாதுகாப்பு ஆகிய மூன்றும் இப்பணியில் ஒன்றோடொன்று பிணைந்துள்ளன.

நிலவியல் பின்னணி

பாலைவனம் என்பது வெப்பத்தாலோ மணலாலோ வரையறுக்கப்படுவதன்று. மழைக் குறைவே அதன் அடிப்படை இயல்பு. பண்டைத் தமிழ் மரபிலும் பாலை ஒரு தனி நிலமாகக் கொள்ளப்படாமல், முல்லையும் குறிஞ்சியும் கோடையால் திரிந்த நிலையாகவே கொள்ளப்பட்டது. இதற்கு மாறாக, மணல்மேடுகள் உள்ள இடமெல்லாம் பாலைவனம் ஆகிவிடுவதில்லை. 2010 இல் வெளியான எந்திரன் திரைப்படத்தின் "காதல் அணுக்கள்" பாடல் படமாக்கப்பட்ட பிரேசிலின் லென்சோயிசு மரனியென்சசு பகுதி வெண்மணல் மேடுகளால் ஆனது. ஆயினும் அங்கு ஆண்டுதோறும் 1,000 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்வதால் அது பாலைவனம் அன்று.

மொகாவி பாலைவனம் கலிபோர்னியா, நெவாடா மாநிலங்களில் பெரும்பகுதியும், அரிசோனா, யூட்டா மாநிலங்களில் சிறுபகுதியுமாக ஒரு இலட்சம் சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பில் விரிந்துள்ளது. இதன் ஒரு பகுதியான மரணப் பள்ளத்தாக்கில் 1913 சூலை 10 அன்று அளவிடப்பட்ட 56.7° செல்சியசு, உலக வானிலை அமைப்பின் பதிவேட்டில் உலகின் மிக உயர்ந்த காற்று வெப்பநிலையாக இடம்பெற்றுள்ளது. எனினும் இப்பாலைவனத்தின் குளிர்கால இரவுகளில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே செல்வதும் இயல்பே. காற்றில் ஈரப்பதம் குறைவாக இருப்பதால், பகலில் நிலம் பெற்ற வெப்பம் இரவில் விரைவாக வெளியேறிவிடுகிறது.

படப்பிடிப்புக்கு மிகவும் விரும்பப்படும் இடங்களுள் ஒன்று உலர் ஏரி ஆகும். வெளியேறும் வழியற்ற தாழ்நிலத்தில் மழைநீர் தேங்கி ஆவியாகும்போது, நுண்ணிய களிமண்ணும் உப்பும் தங்கி, பல கிலோமீட்டர் பரப்புக்கு ஏறக்குறைய முற்றிலும் சமமான தரை உருவாகிறது. எல் மிராஜ், கடபேக் ஆகியவை இத்தகைய உலர் ஏரிகள். இவை தவிர டூமாண்ட் மணல்மேடுகள், துரோனா கற்கூம்புகள் முதலிய இடங்களும் உள்ளன. துரோனா கற்கூம்புகள் பண்டைய ஏரி ஒன்றின் நீருக்கடியில் சுண்ணாம்புப் படிவுகளால் உருவானவை. 500க்கும் மேற்பட்ட இக்கூம்புகளில் உயரமானவை ஏறத்தாழ 43 மீட்டர் உயரம் கொண்டவை.

இடம் தெரிவு செய்யப்படும் காரணங்கள்

இசைக் காணொளிகள் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் எடுத்து முடிக்கப்படுபவை. ஆதலால் பயணத் தொலைவு முதன்மையான காரணியாகிறது. லாஸ் ஏஞ்சலஸ் நகரின் குறிப்பிட்ட ஒரு சாலைச் சந்திப்பை மையமாகக் கொண்டு 30 மைல், அதாவது ஏறத்தாழ 48 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம், திரைத்தொழிற் சங்க ஒப்பந்தங்களில் உள்ளூர்ப் பணி வலயமாகக் கருதப்படுகிறது. அவ்வட்டத்திற்கு வெளியே செல்லும்போது பயணம், தங்குமிடம் ஆகியவற்றிற்கான கூடுதல் செலவுகள் எழுகின்றன. மொகாவியின் உலர் ஏரிகள் இவ்வட்டத்திற்கு வெளியே இருப்பினும், மேற்கு ஓரத்தில் உள்ளவற்றை நகரிலிருந்து சாலை வழியாகச் சில மணி நேரத்தில் அடைய முடியும்.

இரண்டாவது காரணம் காலத்தையும் இடத்தையும் அடையாளம் காட்டாத நிலத்தோற்றம். கட்டடமோ மின்கம்பமோ தெரியாத நிலம், பாடலின் தேவைக்கேற்ப எதிர்கால உலகமாகவோ, வேற்றுக் கோளாகவோ, கனவாகவோ காட்டப்படலாம். மூன்றாவது காரணம், மேகமற்ற நாட்கள் மிகுதியாக இருப்பதால் படப்பிடிப்பு நாளை முன்கூட்டியே உறுதி செய்ய முடிவதாகும்.

குறிப்பிடத்தக்க காணொளிகள்

எம்டிவி தொலைக்காட்சி 1981 ஆகத்து 1 அன்று தொடங்கப்பட்ட பின்னர், பாடல்களுக்குத் தனியாகக் காணொளி தயாரிப்பது இசைத் தொழிலின் வழக்கமாயிற்று. மொகாவியில் படமாக்கப்பட்டவற்றுள் சில பின்வருமாறு:

* சே யூ வில் பீ தேர் (1996) - ஸ்பைஸ் கேர்ல்ஸ் குழுவின் பாடல். இயக்கம்: வான் ஆர்னெல்.
* புரோசன் (1998) - மடோனாவின் பாடல். இயக்கம்: கிறிஸ் கன்னிங்காம். கடபேக் உலர் ஏரியில் படமாக்கப்பட்டது.
* டெசர்ட் ரோஸ் - ஸ்டிங், அல்சீரியப் பாடகர் செப் மாமி ஆகியோர் பாடியது. 1999 இல் வெளியான "பிராண்ட் நியூ டே" இசைத்தொகுப்பில் இடம்பெற்றது. ஸ்டிங் ஒரு சாகுவார் மகிழுந்தில் பாலைவனத்தைக் கடப்பதாகக் காட்சிகள் அமைந்துள்ளன. இக்காட்சிகள் பின்னர் அந்நிறுவனத்தின் விளம்பரத்திலும் பயன்பட்டன.
* ஸ்டுப்பிட் லவ் (2020) - லேடி காகாவின் பாடல். இயக்கம்: டேனியல் ஆஸ்கில். துரோனா கற்கூம்புகளிடையே, ஐபோன் 11 புரோ செல்பேசியைக் கொண்டு படமாக்கப்பட்டது.

இவற்றுள் புரோசன் காணொளியின் படப்பிடிப்பு, பாலைவனம் என்றாலே வெப்பம் என்னும் பொதுக் கருத்து எவ்வாறு ஏமாற்றும் என்பதற்கு எடுத்துக்காட்டாக அமைந்தது. ஐசுலாந்தில் எடுக்கலாம் என்ற எண்ணம் முதலில் இருந்ததாகவும், குளிரைத் தவிர்க்கவே பாலைவனம் தெரிவு செய்யப்பட்டதாகவும் மடோனா பின்னர் நேர்காணலில் கூறியுள்ளார். ஆனால் படப்பிடிப்பு சனவரி மாதத்தில் நடந்தது. கடுங்குளிரில் வெறுங்காலுடன் நடிக்க நேர்ந்ததுடன் மழையும் பெய்தது. உறைந்த உள்ளத்தைப் பற்றிய அப்பாடலின் காட்சிகள் நீலச் சாயலில் அமைக்கப்பட்டன. இக்காணொளி 1998 ஆம் ஆண்டின் எம்டிவி விருதுகளில் சிறந்த சிறப்பு விளைவுகளுக்கான விருதைப் பெற்றது.

ஒளி

மொகாவியின் நடுப்பகுதி ஏறத்தாழ 35° வடக்கு அகலாங்கில் உள்ளது. அங்கு கோடைக்கால நடுநாளில், அதாவது சூன் 21 ஐ ஒட்டி, நண்பகல் ஞாயிறு தொடுவானிலிருந்து ஏறத்தாழ 78° உயரத்தில் நிற்கும். ஒளி தலைக்கு மேலிருந்து விழுவதால் கண்குழிகளில் கருநிழல் படியும். நிலத்தின் மேடுபள்ளங்கள் தெரியாமல் போகும். திசம்பர் 21 ஐ ஒட்டிய நாட்களில் நண்பகல் ஞாயிற்றின் உயரம் ஏறத்தாழ 32° மட்டுமே. இதனால் நாள் முழுவதும் நீண்ட நிழல்களுடன் கூடிய சாய்வொளி கிடைக்கிறது. இதற்கு ஈடாக, பகற்பொழுது கோடையின் 14½ மணி நேரத்திலிருந்து 10 மணி நேரத்திற்கும் குறைவாகச் சுருங்கிவிடுகிறது. எந்தப் பருவத்திலும் ஞாயிறு எழுந்த பின்னும் மறைவதற்கு முன்னும் வரும் குறுகிய நேரமே முதன்மைக் காட்சிகளுக்கு ஒதுக்கப்படுகிறது.

பாலைவன வெயில் படக்கருவிக்கு மிகையான ஒளியைத் தருகிறது. இதனை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். தெளிந்த வெயிலில் வில்லையின் துளை எஃப்-16 என்னும் அளவில் இருந்தால், ஒளியுணர்திறன் எண்ணின் தலைகீழே தேவையான ஒளிபடும் நேரம் என்பது ஒளிப்பதிவாளர்களின் நடைமுறை விதி. ஒளியுணர்திறன் 800 எனில் அந்நேரம் 1/800 நொடியாகும். ஆனால் நொடிக்கு 24 சட்டகங்கள் எடுக்கும் படக்கருவியில் அசைவு இயல்பாகத் தோன்ற, ஒவ்வொரு சட்டகமும் பொதுவாக 1/48 நொடி ஒளியைப் பெறவேண்டும். இது ஏறத்தாழ 16 மடங்கு மிகுதி. பின்னணியை மங்கலாக்கித் துளையை எஃப்-2.8 அளவுக்குத் திறந்தால் மேலும் 32 மடங்கு ஒளி நுழையும். ஆக மொத்தம் ஏறத்தாழ 512 மடங்கு மிகுதியான ஒளியைக் குறைக்க வேண்டும். இதற்கு, நிறத்தை மாற்றாமல் ஒளியின் அளவை மட்டும் குறைக்கும் சாம்பல் நிற வடிகட்டிகள் வில்லையின் முன்னோ உள்ளோ பொருத்தப்படுகின்றன.

அடுத்த சிக்கல் வெயிலுக்கும் நிழலுக்கும் இடையேயான பெரும் வேறுபாடு. பாடகர் ஞாயிற்றை நோக்கி நின்றால் கண்களைச் சுருக்க நேரிடும். ஆகவே ஞாயிறு அவருக்குப் பின்னால் இருக்குமாறு நிறுத்தி, வெண்ணிறப் பலகைகளாலோ துணிகளாலோ முகத்திற்கு ஒளி எதிரொளிக்கப்படுகிறது. உலர் ஏரியின் வெளிர்நிறத் தரையும் கீழிருந்து ஒளியை எதிரொளிப்பதால் நிழல்கள் ஓரளவு மென்மையாகின்றன. ஆனால் அதே காரணத்தால் பணியாளர்களுக்குத் தாடையின் கீழ்ப்புறத்திலும் வெயிற்புண் ஏற்படலாம்.

பாடலும் உதட்டசைவும்

இசைக் காணொளியில் பாடல் முன்னரே பதிவு செய்யப்பட்டிருப்பதால், படப்பிடிப்பில் அது ஒலிபெருக்கி வழியே ஒலிக்கப்படுகிறது. பாடகர் அதற்கேற்ப உதடசைக்கிறார். அந்த இடத்தில் பதிவாகும் ஒலி இறுதிக் காணொளியில் பயன்படுவதில்லை. எனினும் படத்தொகுப்பில் காட்சியைப் பாடலுடன் பொருத்துவதற்கு வழிகாட்டியாக அது பதிவு செய்யப்படுகிறது. பாடலின் எந்த நொடி ஒலிக்கிறது என்பதைக் காட்டும் மின்னணுக் கிளாப் பலகையும் இதற்கு உதவுகிறது.

பரந்த நிலத்தில் ஒலியின் வேகம் ஒரு காரணியாகிறது. 20° செல்சியசு வெப்பநிலையில் ஒலி காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. ஒரு சட்டகத்தின் காலமான 1/24 நொடியில் அது கடப்பது ஏறத்தாழ 14 மீட்டர். தொலைக்காட்சிக்காக முழு நிலத்தையும் காட்டும்போது, ஒலிபெருக்கி படத்தில் தெரியாதிருக்க 60 மீட்டர் தள்ளி வைக்கப்பட்டால், பாடகர் பாடலை நான்கு சட்டகங்கள் தாமதமாகக் கேட்பார். ஒரே தாமதமெனில் படத்தொகுப்பில் காட்சியை நகர்த்திச் சரிசெய்துவிடலாம். ஆனால் பாடகரும் மத்தளக்காரரும் ஒலிபெருக்கியிலிருந்து வெவ்வேறு தொலைவில் நின்றால், அல்லது பாடகர் நடந்துகொண்டே பாடினால், ஒரே நகர்த்தலால் அனைவரையும் சரிசெய்ய இயலாது. எனவே சிறிய ஒலிபெருக்கிகளைப் பாறைக்கோ வாகனத்திற்கோ பின்னால் மறைத்து வைப்பதும், காதினுள் பொருத்தும் கம்பியில்லாக் கேட்பொறிகளைப் பயன்படுத்துவதும் வழக்கம்.

ஆடை மெதுவாகப் பறக்க, உதடு மட்டும் பாடலோடு சரியாகப் பொருந்தும் காட்சிகளுக்கு வேறொரு முறை கையாளப்படுகிறது. பாடல் இருமடங்கு வேகத்தில் ஒலிக்கப்படும். பாடகர் அவ்வேகத்திலேயே உதடசைப்பார். படக்கருவி நொடிக்கு 48 சட்டகங்கள் எடுக்கும். இதனை நொடிக்கு 24 சட்டகங்களாகத் திரையிடும்போது உதட்டசைவு இயல்பான வேகத்திற்குத் திரும்ப, காற்றில் அசையும் துணியும் தூசியும் பாதி வேகத்தில் நகர்வதாகத் தோன்றும்.

காற்று, தூசி, வெப்பம்

திறந்த பாலைவனத்தில் காற்றைத் தடுக்க எதுவும் இல்லை. ஒளியை மென்மையாக்கப் பயன்படும் 6 மீட்டருக்கு 6 மீட்டர் அளவுள்ள துணிச்சட்டம் 36 சதுர மீட்டர் பரப்புடையது; அது காற்றில் பாய்மரம் போலச் செயற்படும். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் நேராக வீசும் காற்று அதன்மேல் ஏறத்தாழ 2,000 நியூட்டன் விசையைச் செலுத்தும். இது 200 கிலோகிராம் எடைக்கு நிகரானது. காற்றின் வேகம் இருமடங்கானால் விசை நான்கு மடங்காகும். மொகாவியில் பிற்பகலில் காற்று வலுப்பது வழக்கமாதலால், பெரிய துணிச்சட்டங்களும் உயர்த்தும் கைகளும் தேவைப்படும் காட்சிகள் காலையிலேயே எடுக்கப்படுகின்றன. மணல்மூட்டைகளாலும் கயிறுகளாலும் கட்டப்பட்டிருந்தாலும், காற்று வலுத்தால் துணியை உடனே இறக்கிவிடுவதே முறை.

உலர் ஏரியின் தூசி மாவைப் போன்று நுண்ணியது. அது வில்லையின் சுழலும் பாகங்களிலும், படக்கருவியின் குளிரூட்டும் விசிறியிலும் நுழையும். எனவே வில்லை மாற்றுதல் மூடிய வாகனத்தினுள் நடைபெறுகிறது. அல்லது ஒரே வில்லையில் பல கோணங்கள் எடுக்கப்படுகின்றன. பெரும்பாலான படக்கருவிகள் 40° செல்சியசு வரையிலான வெப்பநிலையில் இயங்குமாறு வடிவமைக்கப்பட்டவை; வெயிலில் வைக்கப்பட்ட கருநிறக் கருவியின் உடல் இதனை எளிதில் தாண்டும். லித்தியம் அயனி மின்கலங்களை 45° செல்சியசுக்கு மேல் மின்னேற்றுவது பொதுவாகத் தவிர்க்கப்படுகிறது. குளிர்கால விடியற்காலையிலோ இதற்கு எதிரான சிக்கல் எழும்: அதே மின்கலம் குளிரில் குறைந்த நேரமே இயங்கும்.

வெப்பம் காட்சியையும் பாதிக்கிறது. சூடான தரையை ஒட்டிய காற்றின் ஒளிவிலகல் எண் மாறிக்கொண்டே இருப்பதால், தொலைவிலுள்ள உருவங்கள் நெளிவனவாகத் தெரியும். கானல் நீர்க் காட்சிக்கு இது பயன்படும். ஆனால் தொலைவிலிருந்து பாடகரின் முகத்தைத் தெளிவாகக் காட்ட வேண்டுமெனில் தரை சூடேறுவதற்கு முன்னரே எடுத்துவிட வேண்டும்.

காலடித் தடங்கள்

யாரும் கால்வைக்காத நிலம் என்னும் தோற்றமே பாலைவனக் காணொளியின் மையமாதலால், படமெடுக்கும் வரிசை தடங்களைக் கொண்டே தீர்மானிக்கப்படுகிறது. முழு நிலத்தையும் காட்டும் தொலைக்காட்சிகள் முதலில் எடுக்கப்படும். பின்னரே படிப்படியாக அண்மைக் காட்சிகளுக்குச் செல்வர். பாடகர் நடந்துவரும் காட்சி ஒருமுறை பிழையானால், அதே இடத்தில் மீண்டும் எடுக்க இயலாது; படக்கருவியைப் பக்கவாட்டில் நகர்த்திப் புதிய நிலத்தைத் தேடவேண்டும். வாகனங்களும் கூடாரங்களும் எந்தக் கோணத்திலும் தெரியாதவாறு முன்னரே வரையப்பட்ட நிலப்படத்தின்படி நிறுத்தப்படுகின்றன. எஞ்சிய தடங்கள் துடைப்பத்தால் கலைக்கப்படும், அல்லது கணினியில் அழிக்கப்படும்.

இதில் மணல்மேட்டிற்கும் உலர் ஏரிக்கும் இடையே முக்கிய வேறுபாடு உண்டு. மணல்மேட்டில் பதிந்த தடத்தைக் காற்றே விரைவில் அழித்துவிடும். களிமண் மேலோட்டில் பதிந்த சக்கரத் தடம் அடுத்த வெள்ளம் வரும்வரை நிலைத்திருக்கும். ஏரித்தரை ஈரமாக இருக்கும்போது வாகனங்கள் அதில் புதைவதோடு ஆழமான பள்ளங்களையும் உண்டாக்கும். இதனால் எல் மிராஜ் ஏரிப்படுகை ஈரமான காலங்களில் வாகனங்களுக்கு மூடப்படுகிறது.

பணியாளர் பாதுகாப்பு

வறண்ட காற்றில் வியர்வை தோன்றியவுடன் ஆவியாகிவிடுவதால், உடல் நீரிழப்பது உணரப்படாமலே நிகழ்கிறது. கடும் உழைப்பில் ஒருவர் மணிக்கு ஒரு லிட்டருக்கும் மேல் நீரை இழக்கக்கூடும். உடலின் உள்வெப்பநிலை 40° செல்சியசை எட்டி, பேச்சுத் தடுமாற்றமோ குழப்பமோ தோன்றினால் அது வெப்ப அதிர்ச்சியாகக் கருதப்படுகிறது. இது உயிருக்கு ஆபத்தான நிலை. உடலை உடனடியாகக் குளிர்விப்பதே முதல் சிகிச்சை ஆகும். கடும் வேடமும் கனமான ஆடையும் அணிந்த ஆடற்கலைஞர்களும், பளுவைச் சுமக்கும் ஒளியமைப்புப் பணியாளர்களும் இதற்கு மிகுதியாக ஆளாகக்கூடியவர்கள்.

கலிபோர்னியா மாநிலம் 2005 இல் திறந்தவெளிப் பணியாளருக்கான வெப்பப் பாதுகாப்பு விதிகளைக் கொண்டுவந்தது. இவ்விதிகளின்படி ஒவ்வொரு பணியாளருக்கும் மணிக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிநீர் கிடைக்கச் செய்யவேண்டும். வெப்பநிலை 80° பாரன்கைட்டை, அதாவது ஏறத்தாழ 27° செல்சியசைத் தாண்டினால் நிழற்கூடம் அமைக்கவேண்டும். இதன்படி 50 பேர் கொண்ட குழு 12 மணி நேரம் பணியாற்ற 600 லிட்டர் அளவு குடிநீர் தேவைப்படும்.

மொகாவியின் பல பகுதிகளில் செல்பேசி அலைவரிசை கிடைப்பதில்லை. மருத்துவமனை ஒரு மணி நேரத்திற்கும் மேற்பட்ட தொலைவில் இருக்கலாம். ஆகவே ஒவ்வொரு நாளும் குழுவினருக்கு வழங்கப்படும் பணி நிரலில் அண்மை மருத்துவமனையின் முகவரியும் வழியும் குறிக்கப்படுகின்றன. செயற்கைக்கோள் தொலைபேசியும், அவசர மருத்துவ உதவியாளரும் உடனிருப்பது நல்ல நடைமுறையாகக் கருதப்படுகிறது. தொலைமலைகளில் பெய்யும் மழை, படப்பிடிப்பு இடத்தில் வானம் தெளிவாக இருக்கும்போதே வறண்ட ஓடைகளில் திடீர் வெள்ளமாக வரக்கூடும். எனவே ஓடைப் படுகைகளில் வாகனங்களை நிறுத்துவது தவிர்க்கப்படுகிறது.

நிலமும் உயிர்களும்

வெறுமையாகத் தோன்றும் நிலத்தில் கண்ணுக்கு எளிதில் புலப்படாத உயிர்கள் வாழ்கின்றன. மொகாவியின் பல பகுதிகளில் மண்ணின் மேற்பரப்பு நீலப்பச்சைப் பாசிகள், பூஞ்சைகள், பாசிச்செடிகள் ஆகியவற்றால் பிணைக்கப்பட்ட உயிரிய மேலோடாக உள்ளது. இம்மேலோடு மண்ணைக் காற்றரிப்பிலிருந்து காக்கிறது. ஒரு காலடியோ சக்கரமோ இதனை உடைத்துவிடும். மீண்டும் உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகலாம். இரண்டாம் உலகப் போரின்போது, 1942 முதல் 1944 வரை இப்பாலைவனத்தில் நடைபெற்ற படைப் பயிற்சிகளில் ஓடிய பீரங்கி வண்டிகளின் தடங்கள் இன்றும் பல இடங்களில் தெரிகின்றன. உலர் ஏரிகளின் களிமண்ணிலும் இறாலை ஒத்த சிற்றுயிர்களின் முட்டைகள் பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்து, மழைநீர் தேங்கியதும் பொரிக்கின்றன.

மொகாவி பாலைவன ஆமை 1990 இல் ஐக்கிய அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டத்தின்கீழ் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாக அறிவிக்கப்பட்டது. வாழ்நாளின் பெரும்பகுதியை வளைக்குள் கழிக்கும் இவ்வாமை, வெயிலில் வெளிவரும்போது நிறுத்தப்பட்ட வாகனங்களின் நிழலில் தங்குவதுண்டு. எனவே வாகனத்தை நகர்த்துமுன் அதன் அடியில் பார்ப்பது இங்குள்ள நடைமுறை. ஆமையை அகற்றும் நோக்கில் கையால் தூக்குவதும் தீங்கு விளைவிக்கும். அச்சமுற்ற ஆமை சிறுநீர்ப்பையில் சேமித்த நீரை வெளியேற்றிவிடும்; வறட்சிக் காலத்தில் அந்நீரின் இழப்பு அதன் உயிரையே பறிக்கலாம். ஆமை தானாக நகரும்வரை காத்திருப்பதே முறை. அதனால் படப்பிடிப்பு தாமதமாவதும் உண்டு. இப்பாலைவனத்தின் அடையாளமான யோசுவா மரமும் 2023 இல் கலிபோர்னியா இயற்றிய தனிச் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டுள்ளது.

அனுமதி

மொகாவியின் பெரும்பகுதி அரசு நிலமாகும். எல் மிராஜ், துரோனா கற்கூம்புகள் உள்ளிட்ட இடங்கள் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகத்தின் பொறுப்பில் உள்ளன. வணிக நோக்கிலான படப்பிடிப்புக்கு அப்பணியகத்தின் முன் அனுமதியும் காப்பீடும் கட்டணமும் தேவை. குழுவின் அளவு, வாகனங்கள், வெடிபொருள் அல்லது புகைப் பயன்பாடு ஆகியவற்றைப் பொறுத்து நிபந்தனைகள் மாறுபடும். நிலத்தைக் குறைவாகப் பாதிக்கும் திட்டங்களுக்கு அனுமதி எளிதில் கிடைப்பதால், செடிகள் அற்ற, ஏற்கனவே வாகனங்கள் சென்றுவரும் ஏரிப்படுகைகளையே தயாரிப்பாளர்கள் நாடுகின்றனர்.

மரணப் பள்ளத்தாக்கு, யோசுவா மரம் ஆகிய இரண்டும் 1994 இல் தேசியப் பூங்காக்கள் ஆயின. தேசியப் பூங்காக்களில் ஆளில்லா வானூர்திகளைப் பறக்கவிடுவது 2014 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. 2025 சனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி, பூங்காக்களில் ஆறு பேருக்கும் குறைவான குழுக்கள் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அனுமதியின்றிப் படமெடுக்கலாம். பூங்காக்களுக்கு வெளியிலும், மொகாவியின் வான்வெளியில் பெரும்பகுதி படைத்துறையின் கட்டுப்பாட்டில் இருப்பதால், ஆளில்லா வானூர்தியைப் பயன்படுத்துமுன் வான்வெளி விதிகளை அறிதல் கட்டாயமாகும்.

மாற்று முறைகள்

பாலைவனத்திற்குச் செல்லாமலே அத்தோற்றத்தை உருவாக்கும் முறைகளும் உள்ளன. சிறு குழு மட்டும் சென்று நிலக்காட்சிகளை எடுத்துவர, பாடகரைப் படப்பிடிப்புத் தளத்தில் பச்சைத் திரையின் முன் எடுத்து இரண்டையும் இணைப்பது பழைய முறை. 2019 முதல் பரவலான மற்றொரு முறையில், பெரிய ஒளியுமிழ் திரைகளில் நிலக்காட்சி ஓடவிடப்பட்டு அதன் முன்னரே கலைஞர்கள் நடிக்கின்றனர். இவை வெப்பத்தையும் பயணத்தையும் நிலத்தின் சேதத்தையும் தவிர்க்கின்றன. எனினும் ஞாயிற்றின் நேரடி ஒளியின் வலிமையையும், பல கிலோமீட்டர் தொலைவு வரை விரியும் ஆழத்தையும், காற்றின் எதிர்பாராத அசைவையும் தளத்தினுள் முழுமையாக உருவாக்குவது கடினம்.

எம்முறையைத் தெரிவு செய்தாலும், வெளிப்புறப் படப்பிடிப்பு முடிந்த பின் செய்யவேண்டிய இறுதிப் பணி ஒன்றுண்டு. குழுவினர் வரிசையாக நின்று நிலத்தின் குறுக்கே நடந்து, ஆணி, ஒட்டுநாடாத் துண்டு, ஆடையிலிருந்து உதிர்ந்த மின்னும் பொட்டுகள் முதலியவற்றைப் பொறுக்கி எடுப்பர். நிலம் படப்பிடிப்புக்கு முன் இருந்த நிலையில் விடப்பட்டுள்ளதா என்பதை அனுமதி வழங்கிய துறை சரிபார்க்கலாம். அடுத்த குழு வந்து படமெடுக்கப்போகும் வெறுமை, முந்தைய குழு விட்டுச்சென்ற நிலையைப் பொறுத்தே அமைகிறது.